ஒம்பதாம் வாசலுக்கு ஆறு பேரு

நான் சொல்லப்போறதுல ஒரு எழுத்து பொய் இல்ல. எங்க கடை சர்வர் மிஷின் மேல சத்தியம், அதுக்கு மேல தொங்குன மாரியாத்தா படம் மேல சத்தியம், பக்கத்துல யாரோ கஸ்டமர் ஒட்டிட்டுப் போன அந்தோணியார் படம் மேலயும் சத்தியம். மூணு பேர சாட்சிக்கு இழுத்துட்டேன். இதுக்கு மேலயும் நம்பலன்னா உங்க இஷ்டம்.

பிரவுசிங் சென்டர் வேல என்னான்னு கேட்டா, கஸ்டமருங்க மூஞ்சிய பொட்டிக்குள்ள விட்டுக்கிட்டு ஒக்காந்திருப்பாங்க, அங்க நடக்குற சண்ட மட்டும் நேரா நம்ம கவுன்ட்டருக்கு வரும். கல்யாண வீட்ல பிரியாணி பரிமாறி, பீஸ் கம்மின்னு திட்டு வாங்குனவங்க யாராச்சும் இருந்தா கிட்ட வந்து ஒக்காருங்க. நீங்க நம்ம ஜாதி. எல்லாருக்கும் சரியா குடுக்கப் போய் எல்லாருகிட்டயும் வாங்கிக் கட்டிக்கிட்ட ஜாதி.

காவக்காரன்

லாஸ்பேட்டையில காலேஜ் ரோட்டுல மாடி மேல இருந்திச்சி நம்ம கடை. பிராட்பேண்டு ஊருக்குப் புதுசா வந்த நேரம். பத்து மிஷின், பத்து பிளைவுட் தடுப்பு, ஒரு ஏ.சி. அந்த ஏ.சி. காத்து குடுக்காது, சத்தம் மட்டும் குடுக்கும். முதலாளி செல்வம் அண்ணன் இன்ஜினியரிங் படிச்சவரு. பசங்க எல்லாம் வெளிநாட்டு கேமா ஆடுறானுங்களே, நாமளே ஒண்ணு பண்ணா என்னான்னு ஒரு வருஷம் ஒக்காந்து தட்டி ஒரு கேம் பண்ணாரு. பேரு 'ஒம்பது வாசல்'. ஒரு பெரிய கோட்ட, அதுக்கு ஒம்பது வாசல், வாசலுக்கு ஒரு பூதம். நீங்க ஒரு பேரு வெச்சிக்கிட்டு, வாளோ வைத்தியப் பையோ தூக்கிக்கிட்டு உள்ள போவணும். சின்னப் பூதங்கள அடிச்சி வராகன் சேக்கணும். அத வெச்சி நல்ல ஆயுதம் வாங்கி ஒவ்வொரு வாசலா தொறக்கணும். ஒம்பதாவத தொறந்தா ஒரு வெள்ளக் குதிர. நம்ம கடை, மூலக்குளத்துல ஒரு கடை, மேட்டுப்பாளையத்துல ஒரு கடை, மூணுலேருந்தும் ஆளுங்க ஆன்லைன்ல ஒரே கோட்டைக்குள்ள வருவாங்க.

என் வேல அந்தக் கோட்டைக்குக் காவக்காரன். புகார் கேக்கணும், திருட்டுத்தனம் பண்றவனப் புடிக்கணும், எந்தப் பூதத்த யாரு எப்பிடி அடிச்சா எவ்ளோ வராகன்னு ஒரு ஃபைல்ல நம்பர மாத்தணும். நானோ எட்டாவதோட பள்ளிக்கொடத்துக்கு டாட்டா காட்டுனவன். சேந்த அன்னிக்கே செல்வம் அண்ணன் என் மூஞ்சியப் பாத்துச் சொன்னாரு: "ஒம்பதாங்கிளாஸ் வாசலையே தாண்டாதவன ஒம்பதாம் வாசலுக்குக் காவல் போடுறேன்டா மணி, எனக்கு எவ்ளோ தைரியம் பாரு."

மதியம் ஒரு மணி அக்கா

நம்ம ஊர்ல மதியம் ஒரு மணிக்கு ஷட்டர் எறங்குனா நாலு மணி வரைக்கும் நடு ரோட்டுல நாய் படுத்துத் தூங்கும். அந்த நேரத்துல எங்க மாடிப்படி ஏறி வர்ற ஆளு ரோசலின் அக்கா. பக்கத்துத் தெரு ஜவுளிக்கடையில சேல பிரிச்சிக் காட்டுற வேல. கடைய மூடுனதும் டப்பா சாப்பாட்ட முடிச்சிட்டு நேரா வந்து மூலையில பத்தாம் நம்பர் மிஷின்ல ஒக்காந்துடுவாங்க. தண்ணி குடுத்தா 'மெர்சி'ம்பாங்க. மவுஸ தொடச்சிக் குடுத்தா 'மெர்சி'. எங்க ஏ.சி.ய போட்டா அதுக்கும் ஒரு 'மெர்சி'. அவங்க அப்பா காலத்துலேருந்து வீட்ல நன்றிக்கு அந்த பிரெஞ்சு வார்த்ததானாம்.

அக்கா எட்டு வாசலையும் தனியாவே தொறந்தவங்க. காலேஜ் கும்பல் ஒரு வாரத்துல தொறந்தத இவங்க ஒரு வருஷமா ஒத்த வாள வெச்சிக்கிட்டு தொறந்தாங்க. ஆனா ஒம்பதாம் வாசல் அப்பிடி இல்ல. ஆறு பேரு கூட்டணிப் பட்டன அமுக்கி ஒரு கும்பலா வந்தாதான் பூதமே வெளிய வரும். செல்வம் அண்ணன் வெச்ச சட்டம். ஒரு மாசப் பொறப்புல அக்கா கவுன்ட்டருக்கு வந்து நின்னாங்க.

"தம்பி, அடுத்த மாசம் ஒண்ணாந்தேதிலேருந்து எங்க கடைய மதியம் மூட மாட்டாங்களாம். எனக்கு இந்த ஒரு மாசந்தான். குதிரய வாங்கிட்டுப் போயிடணும், ஏதாவது வழி பண்ணு."

"கும்பல்ல சேந்துக்குங்கக்கா. நல்ல பசங்கதான், கொஞ்சம் கத்துவானுங்க."

"வீட்ல பதினோரு பேரு. கடையில நாள் பூரா ஜனம். ஒரு நாளைக்கி இந்த ரெண்டு மணி நேரந்தான் நான் தனியா இருக்கேன். இங்கயும் கும்பலா?"

எனக்கு ஆச்சரியமாப் போச்சி. நான்லாம் தனியா டீ கூட குடிக்க மாட்டேன். தனியா இருக்கறதுக்குக் காசு குடுத்து வர்ற ஆள அன்னிக்குத்தான் மொத மொத பாத்தேன். பாவமா இருந்திச்சி. "அக்கா, நான்தான காவக்காரன். ஃபைல்ல ஒரு வரி தட்டுனா குதிர உங்க பேர்ல வந்து நிக்கும். தட்டிடவா?"ன்னேன். அக்கா என்ன மேலயும் கீழயும் பாத்தாங்க: "நீ குடுத்தா அது உன் குதிர தம்பி, எனக்கு என் குதிர வேணும்."

பரீட்ச ஹால்

செல்வம் அண்ணன்கிட்ட போய் நின்னேன். அவரு தலையச் சொறிஞ்சாரு. "தனியா வர்றவங்களுக்கு ஒண்ணுமே இல்லன்னா அவங்க போயிடுவாங்க. தனியாவே எல்லாம் கெடச்சிட்டா கும்பல் எதுக்குடா? ஒலகத்துல கேம் பண்ற எல்லாருக்கும் இதான் தலவலி." சரி, ஒலகத்துக்கே தலவலின்னா லாஸ்பேட்டையில தைலம் கெடைக்குதான்னு பாப்போம்னு நானும் எறங்கிட்டேன். தனியா அடிச்சா ரெட்ட வராகன்னு நம்பர மாத்தி, தனி ஆளும் ஒம்பதாம் பூதத்த அடிக்கிற மாதிரி ஒரு பெரிய வாள வெச்சி, அதுக்கு எக்கச்சக்க வெல போட்டேன்.

எங்க கடையில சாயங்காலம்னா "டேய் பின்னாடி பாருடா", "செத்தன்டா மச்சான்", "வைத்தியன் எங்கடா"ன்னு கீழ டீக்கடை வரைக்கும் கேக்கும். மறுநாள் ஒரு சத்தம் இல்ல. ரெண்டே வண்டியில ஒண்ணா வந்து எறங்குன அஞ்சு ஃபிரண்டுங்க, அடுத்தடுத்த சீட்ல ஒக்காந்துக்கிட்டு, ஸ்கிரீன கையால மறைச்சி மறைச்சி ஆடுறானுங்க. ஒருத்தனுக்குப் பூதம் எங்க இருக்குன்னு இன்னொருத்தனுக்குத் தெரியக்கூடாதாம்! மூணு நாள்ல அவனுங்க போட்டி போட்டு அடிச்ச அடியில, மதியம் அக்கா வந்து பாத்தா அடிக்க ஒரு சின்னப் பூதம் மிச்சமில்ல. வாள் வாங்குறது எங்க? செல்வம் அண்ணன் உள்ள வந்தவரு, கரண்டு போயிடுச்சின்னு நெனச்சி மீட்டரப் பாத்துட்டு அப்புறம் என்னப் பாத்தாரு: "என்னடா மணி, நம்ம கடையில பரீட்ச ஹால் எப்ப தொறந்த?"

மூணு நாற்காலி

வாள தூக்கிட்டேன், பழைய நம்பரப் போட்டேன். அதோட நின்னிருக்கலாம். கும்பல் கோவமா இருந்திச்சேன்னு, கும்பலா அடிச்சா மூணு மடங்குன்னு ஏத்தி உட்டேன். இவ்ளோ கெடச்சா அக்காவே ஆசப்பட்டு கும்பல்ல சேந்துடுவாங்கன்னு ஒரு கணக்கு.

அக்கா சேரல. முரளி சேந்தான். மூலக்குளத்துலேருந்து சைக்கிள்ல வர்ற பையன், காலேஜ்ல மொத வருஷம். ஒரு நாள் மூணு மிஷின் ஓடுது, உள்ள போனா ஒரே ஒரு ஆளு. உருட்டு நாற்காலியில ஒக்காந்துக்கிட்டு கீச்சு கீச்சுன்னு நாலு, அஞ்சு, ஆறாம் நம்பருக்கு ஓடிக்கிட்டே இருக்கான். நாலாம் நம்பர்ல ஒரு பேரு பூதத்த அடிக்கும், அஞ்சுல ஒரு பேரு வைத்தியம் பாக்கும், ஆறுல ஒரு பேரு வராகனப் பொறுக்கும். இதுல ஒரு கொடும, மூணு பேருக்குள்ளயும் சாட்டிங்கு வேற. "ஏண்டா லேட்டு"ன்னு நாலாம் நம்பர்லேருந்து திட்டிட்டு, உருண்டு போய் அஞ்சாம் நம்பர்ல "சாரி மச்சான்"னு அவனே தட்டுறான். "எங்கடா உன் கூட்டாளிங்க?"ன்னு சட்டையப் புடிச்சேன். கொஞ்சம் கூட வெக்கமில்லாமச் சொன்னான்: "வந்தது நான் ஒருத்தன்தான்ணே, ஆனா நாங்க மூணு பேரு."

மரத்தடி

'ஒரு ஆளுக்கு ஒரு மிஷின்'னு போர்டு எழுதி மாட்டுனேன், முரளிய ஒரு மாசம் கடைப் பக்கம் வராதன்னு வெரட்டுனேன். மூணு மடங்க எறக்கிட்டு, கும்பல்ல இருக்கற எல்லாருக்கும் சரிசமமாப் பங்குன்னு மாத்துனேன். சண்டையே வராது பாருன்னு எனக்கு நானே தட்டிக் குடுத்துக்கிட்டேன்.

ஒரு வாரத்துல வராகன் லிஸ்ட்ல மொத எடம் யாருன்னு பாத்தா ராமலிங்கம் சார். கவர்மென்ட் ஆபீஸ்ல வேல, குவார்ட்டர்ஸ்ல வீடு. மதியம் டிபன் டப்பாவோட வருவாரு, சாயங்காலம் காய்கறிப் பையோட வருவாரு. எந்தக் கும்பலா இருந்தாலும் கூட்டணிப் பட்டன அமுக்கிட்டு, கோட்ட வாசல்ல இருக்கற மரத்தடியில போய் நின்னுடுவாரு. அவ்ளோதான். அங்க பசங்க ரத்தம் சிந்துவானுங்க, இங்க இவரு தயிர் சாதத்துக்கு ஊறுகா தொட்டுக்குவாரு. பங்கு மட்டும் கரெக்டா வந்து விழும். அடிக்கிற பட்டன் எதுன்னே அவருக்குத் தெரியாது. நெஜமாவே தெரிஞ்சிக்கணும்னு தோணி, "சார், சும்மா நிக்க உங்களுக்குக் கூச்சமா இல்லியா?"ன்னு கேட்டேன். ஸ்பூன கீழ வெச்சிட்டு யோசிச்சாரு: "ஆபீஸ்ல இருவது வருஷமா இப்பிடித்தான் நிக்கிறேன் தம்பி, இப்பிடிக் கேட்ட மொத ஆளு நீதான்."

வெல்டர் வைத்தியம்

சரி, இனிமே யாரு எத்தன அடி அடிச்சாங்களோ அத்தன வராகன். நாயமாப் படுதில்ல? எனக்கும் பட்டிச்சி. குணா வர்ற வரைக்கும்.

குணா மேட்டுப்பாளையத்துல ஒரு ஃபேக்டரியில வெல்டரு. ஆளப் பாத்தா கதவு மாதிரி இருப்பான். பூதத்த அடிப்பான்னு பாத்தா, வைத்தியப் பையத்தான் தூக்குவான். ஏன்யா இப்பிடின்னு கேட்டதுக்கு, "நாள் பூரா பொறி பறக்க சுட்டுக்கிட்டே இருக்கேன், இங்க வந்தாச்சும் யாரையாவது ஆற வெப்போம்னுதான்"னான். வைத்தியம் பாக்குறவன் அடிக்க மாட்டான் இல்ல? ஞாயித்துக்கெழம பெரிய சண்ட முடிஞ்சி பாத்தா எல்லாருக்கும் வராகன், குணாவுக்கு முட்ட. அடுத்த சண்டையில குணா கையக் கட்டிக்கிட்டான். "ண்ணா, வைத்தியம் போடுண்ணா!"ன்னு பசங்க கத்துறானுங்க. ஒவ்வொருத்தனா மண்ணக் கவ்வுறான். குணா சீட்ல நல்லா சாஞ்சி ஒக்காந்துக்கிட்டுச் சொன்னான்: "அடிக்கிறவனுக்கு வராகன், ஆத்துறவனுக்குப் பட்ட நாமம்னா, இன்னிக்கு எல்லாரும் நல்லபடியா செத்துட்டு வாங்கடா."

டெம்போ

மாசம் முடிய ஒரு வாரந்தான் இருந்திச்சி. அக்கா தெனமும் வந்து ஒம்பதாம் வாசல் முன்னாடி நின்னு பாத்துட்டு, சின்னப் பூதம் ரெண்ட அடிச்சிட்டுப் போவாங்க. ஒரு வார்த்த கேக்கல. கேட்டிருந்தா கூடத் தேவல.

ஒரு நாள் பஸ் ஸ்டாண்டுலேருந்து லாஸ்பேட்டைக்கு டெம்போவுல ஏறி ஒக்காந்தேன். ஆளு நெறையாம டிரைவரு எடுப்பாரா? மாட்டாரு. ஒரு மீன்காரம்மா, ரெண்டு நர்சு, ஒரு பெரியவரு, நானு. யாரும் யாருகிட்டயும் பேசல. பக்கத்துல ஒரு டெம்போ காலியா நின்னிச்சி. திடீர்னு ஒரு கும்பல் சிரிச்சிக்கிட்டே வந்து அதுல ஏறுனாங்க, அந்த டிரைவரு உடனே எடுத்துட்டாரு. நாங்க காத்திருந்தோம். ஆனா அவங்க போய்ச் சேர்ற அதே எடத்துக்குத்தான எங்க வண்டியும் போவுது! எனக்கு மண்டையில பல்பு எரிஞ்சி, எறங்குற ஸ்டாப்பையே உட்டுட்டேன்.

திரும்பி நடந்து வந்து செல்வம் அண்ணன்கிட்ட கொட்டுனேன். ஒம்பதாம் வாசலுக்குக் கூட்டணிப் பட்டனே வேணாம். யாராச்சும் ஆறு பேரு வாசல்ல நின்னா பூதம் வரும். ஆறு பேரும் ஒரு அடியாவது அடிக்கணும், இல்ல ஒரு தடவையாவது வைத்தியம் பாக்கணும், அப்பத்தான் சாவும். பூதம் செத்தா பங்கு போடுறது கெடையாது, ஆளுக்கு ஒரு முழுக் குதிர. "அப்ப கும்பலா வர்றவனுக்கு என்னடா லாபம்?"ன்னாரு. "அவனுக்குக் காத்திருக்க வேணாம்ணே. வந்தான், எடுத்தான், போனான். தனியா வர்றவங்க ஆளு நெறையற வரைக்கும் நிக்கணும், ஆனா சேர்ற எடம் ஒண்ணுதான்." அண்ணன் கீபோர்ட இழுத்தாரு: "நாலு வருஷம் காலேஜ் பஸ்ல போயிட்டேன்டா, டெம்போவுல போயிருந்தா எனக்கும் தோணியிருக்கும்."

கடசி மதியம்

அவரு எழுதி முடிக்கறதுக்கு மாசத்தோட கடசி நாள் வந்துடுச்சி. மதியம் ஒண்ணே கால். அக்கா பத்தாம் நம்பர்ல ஒக்காந்து, போர்டுல எழுதிப் போட்ட புதுச் சட்டத்தப் படிச்சிட்டு, வாசல்ல போய் நின்னாங்க. ஒரு ஆளு இல்ல. காலேஜுக்கு லீவு. மூலக்குளம், மேட்டுப்பாளையம் ரெண்டு கடையிலயும் லைன் கட்டு. டெம்போ ரெடி, டிரைவர் ரெடி, பாசஞ்சர் ஒண்ணு. காவக்காரன கேம் ஆளாவே சேக்காது, அதையும் அண்ணன்தான் எழுதி வெச்சிருந்தாரு.

ராமலிங்கம் சார் டப்பாவோட வந்தாரு. ரெண்டு. செல்ல எடுத்து குணாவுக்குப் போட்டேன், அந்த வாரம் அவனுக்கு சாயங்கால ஷிஃப்ட்டு. வர்றேன்னான். மூணு. வேற வழியில்லாம முரளிக்குப் போட்டேன். "வாடா, மூணு நாற்காலி காலியா இருக்கு."

"ண்ணே, போர்டுல ஒரு ஆளுக்கு ஒரு மிஷின்னு நீதான எழுதுன?"

"எழுதுனவன் நான்தான்டா, திருப்பி மாட்டுறவனும் நான்தான். சைக்கிள மிதி."

ரெண்டு பேரையும் மாடிப்படியிலயே மடக்கி, சாரையும் வெளிய இழுத்தாந்து சொன்னேன்: "வாயத் தொறக்கக் கூடாது. அக்காகிட்டயும் பேசக் கூடாது, உங்களுக்குள்ளயும் பேசக் கூடாது." மூணும் தலைய ஆட்டுச்சி. ஆறு ஆச்சி, பூதம் வந்திச்சி. அக்கா மொத அடி. முரளி கீச்சு கீச்சுன்னு உருண்டு உருண்டு மூணு அடி. அக்காவுக்கு அடிபடுறப்பல்லாம் குணா சத்தமில்லாம ஆத்தி உடுறான். பூதத்துக்கு உசுரு நூல் மாதிரி நிக்குது, சாவ மாட்டேங்குது. ஏன்னு பாத்தா, ராமலிங்கம் சார் இங்கயும் வாசல் ஓரமா ஒரு மரத்தடியப் புடிச்சி நிக்கிறாரு. பழக்கதோஷம்!

அவரு என்னப் பாத்து, எந்தப் பட்டன்னு கண்ணாலயே கேக்குறாரு. நான் வாயத் தொறக்க முடியாது. நீளமா இருக்கற பட்டன்னு கைய விரிச்சிக் காட்டுனேன், அவரு பெரிய மீனுன்னு நெனச்சாரோ என்னவோ, முழிச்சாரு. எதையோ அமுக்குனாரு, அவரு ஆளு பூதத்துக்கு முன்னாடி சம்மணம் போட்டு ஒக்காந்துட்டான். அக்கா வாளு மழுங்கிக்கிட்டே வருது. ஓடிப் போய் நானே அமுக்கலாம்னு கை பரபரன்னுது, ஆனா நான் அமுக்குனா அது என் குதிர ஆயிடுமே. கவுன்ட்டர் மேல கட்ட வெரலால ஓங்கி ஒரு குத்து குத்திக் காட்டுனேன். சார் தயிர் சாத ஸ்பூனாலயே நீளப் பட்டன்ல ஒரு குத்து. இருவது வருஷத்துல அவரு செஞ்ச மொத வேல அது. பூதம் விழுந்திச்சி.

கதவு தொறந்து வெள்ளக் குதிர வந்திச்சி. அக்கா ஏறுனாங்க. வேற எதையும் அடிக்கல, வாங்கல. மூணரை வரைக்கும் கோட்டைய சுத்திச் சுத்தி சும்மா ஓட்டுனாங்க. எங்க போறாங்கன்னு எட்டி எட்டிப் பாத்தேன், எங்கயும் போவல. அதுக்குள்ள குணா ஷிஃப்ட்டுக்குப் போயிட்டான், முரளி போயிட்டான், சார் கூட ஆபீசுக்குப் போயிட்டாரு, ஒன்றரை மணி நேரம் லேட்டா. அக்கா நாற்காலிய உள்ள தள்ளி வெச்சிட்டு, முரளி உருண்ட எடத்துல நாற்காலிச் சக்கரம் தரையில கிழிச்ச கோடுகள ஒரு பார்வ பாத்துட்டு, கவுன்ட்டர்ல வந்து நின்னாங்க: "அந்த மூணு பேருகிட்டயும் சொல்லிடு தம்பி, என்னாண்ட ஒரு வார்த்த கூட பேசாததுக்கு மெர்சின்னு."

கும்பலா வந்தவனுக்கும் தனியா வந்தவனுக்கும் ஒரே குதிர குடுத்த நாயஸ்தன் நானு, ஆனா கத கேட்டதுக்கு அந்த நாயம் செல்லாது, கும்பலா கேட்டவங்க சேந்து எனக்கு ஒரு டீ, தனியாக் கேட்டவங்க டீயோட ரெண்டு பஜ்ஜி, ராமலிங்கம் சார் மாதிரி மரத்தடியில நின்னு ஓசியில கேட்டவங்க ஒரு பிளேட் பிரியாணி, பீஸ் கம்மியா இருந்தா கத மொதல்லேருந்து திரும்ப ஆரம்பிக்கும்.